திருத்தும் கை

ஆய்வகத் தரையில் விரித்திருந்த வெள்ளை ஃபிளெக்ஸ் மேல் அந்தச் சின்ன வண்டி பாம்பு போல நெளிந்துகொண்டிருந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிய கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய லைன் ஃபாலோயர். செய்தவள் மூன்றாம் ஆண்டு மாணவி. கல்லூரிப் பேருந்து கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. “கே.பி.யக் குறை கண்ணு” என்றேன். விலகலுக்கு எவ்வளவு பலமாகத் திருத்துவது என்பதற்கான எண் அது. குறைத்தாள். நெளிவு அடங்கியது, ஆனால் வளைவில் வண்டி கோட்டை விட்டுவிட்டது. “சரி, கொஞ்சம் கூட்டு.” கூட்டினாள். மறுபடி பாம்பு. அதற்குள் துறைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வண்டி கோட்டின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

“என்ன பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணலைங்க மேம். ப்ரிண்ட் வரிய எடுத்துட்டேன், அவ்வளவுதானுங்க.”

வண்டி ஏன் நெளிகிறது என்று தெரிந்துகொள்ளத்தான், ஐந்து சென்சார்களின் அளவையும் நிரலின் ஒவ்வொரு சுற்றிலும் லேப்டாப் திரைக்கு அனுப்பும்படி அவள் எழுதி வைத்திருந்தாள். 9600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்துதான் கம்பி வழியே போகும். சுற்றுக்கு 25 எழுத்து என்றால் 26 மில்லிவிநாடி அதிலேயே கழிந்துவிடும். விநாடிக்கு அரை மீட்டர் ஓடும் வண்டி அதற்குள் 13 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். டேப்பின் அகலமே 19 மில்லிமீட்டர்தான். பழைய இடத்துக்கான திருத்தத்தை வண்டி புதிய இடத்தில் செய்துகொண்டிருந்தது. கண்காணிக்க வைத்ததே தடுமாறவும் வைத்தது.

எண்கள் ஓடிய திரை என் கண் முன்னால்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை, விடை எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்ததால். அங்கேயே நின்றிருந்தால் அவள் என் சொல்லுக்காக இன்னும் பத்து முறை கே.பி.யைக் கூட்டிக் குறைத்திருப்பாள். 24 ஆண்டுகளாகத் திருத்துவதுதான் என் வேலை: விடைத்தாள், நிரல், கட்டுரை, ஆய்வேடு. இன்னொருவர் பிழையில் எப்போது கை வைப்பது, எவ்வளவு, எப்போது கையை எடுப்பது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நான் நடத்தும் பாடத்திலேயே அது இருந்தது. மோட்டாருக்கு மட்டும் உரியதென்று விட்டுவைத்திருந்தேன்.

கப்பல்களைத் தானாகச் செலுத்துவது பற்றி 1922-இல் நிக்கோலஸ் மினார்ஸ்கி எழுதிய கட்டுரை, நாங்கள் பி.ஐ.டி. கட்டுப்பாடு என்று நடத்தும் பாடத்தின் தொடக்கங்களில் ஒன்று. அந்தக் கணக்கை அவர் மனிதர்களைப் பார்த்து எடுத்தார். தேர்ந்த மாலுமி சுக்கான் பிடிக்கும்போது, கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதோடு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதையும் பார்க்கிறான். சரியான திசைக்கு வந்துகொண்டிருந்தால், விலகல் மிச்சமிருக்கும்போதே சுக்கானைத் தளர்த்திவிடுவான். முதல் தேர்வில் 18, அடுத்ததில் 31 வாங்கிய பையனைக் கூப்பிட்டு “முப்பத்தொண்ணுதானா?” என்று நான் கேட்டதுண்டு. அந்த மாலுமி கேட்டிருக்க மாட்டான்.

வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது பி.ஐ.டி.யில் ‘ஐ’ என்ற உறுப்புக்குத்தான். பழைய பிழைகளையெல்லாம் அது கூட்டி வைத்துக்கொள்ளும். காற்று ஒரே பக்கமாகத் தள்ளுவது போன்ற சின்ன, விடாத விலகலைப் போக்க அது வேண்டும். ஆனால் மோட்டார் தன் முழு பலத்தையும் கொடுத்துவிட்ட பிறகும் இந்தக் கூட்டல் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். சரியான இடத்துக்கு வந்து சேர்ந்த பின்னும், சேர்த்து வைத்த கணக்கு வண்டியைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும். வைண்டப் என்போம்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த ஒருவர் இருந்தார். பகலில் இன்னொரு கல்லூரியில் வேலை, வாரம் 16 மணி நேர வகுப்பு. இரவில் ரோபோக் கைக்கான பாதைத் திட்டமிடல். சொன்ன தேதியில் வரைவு வராது. ஒவ்வொரு முறையும் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் ஆண்டு நல்ல வரைவோடு வந்தார். வரைபடம் ஒன்றில் அச்சுக்கு அலகு போடவில்லை. டிகிரியா ரேடியனா என்ற அந்த ஒரு குறைக்காக நான் முக்கால் மணி நேரம் பேசினேன். நான்கு ஆண்டுத் தாமதங்களும் அதில் இருந்தன. நின்றுகொண்டே கேட்டார். பட்டம் வாங்கினார், நன்றியுரையில் என் பெயரை முறையாகப் போட்டார், பிறகு வரவில்லை.

அவர் முழு பலத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அதை அளக்கக் கருவி எதுவும் தேவைப்பட்டிருக்காது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வைண்டப்புக்கு மருந்து ஒரு வரி நிரல்: கூட்டுத்தொகைக்கு உச்சவரம்பு. மனதுக்கு அப்படி எழுத எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு உள்ளதை அன்றைக்கே, சின்னதாக, சொல்லிவிடப் பழகிவருகிறேன். “வரைவு வரலை, என்ன ஆச்சு?” பதில் வரும்வரை அடுத்த வாக்கியம் இல்லை. ஆய்வகத்தில் மாணவர்களின் விசைப்பலகையைத் தொடுவதில்லை. இப்படித் தள்ளி நிற்பது சிலருக்குக் கைவிட்டதாகப் படும், அதுவும் எனக்குத் தெரியும். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் போர்டு புகைந்துபோன பையனிடம் “யோசி” என்பது கொடுமை. அவனுக்கு அலமாரியைத் திறந்து வேறு போர்டு எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

சென்ற மாதம் அந்த ஆய்வு மாணவருக்குக் கடிதம் எழுதினேன், அந்த முக்கால் மணி நேரத்துக்கு வருத்தம் தெரிவித்து. மூன்றாம் நாள் பதில் வந்தது. உடல்நலம் விசாரித்திருந்தார். தன் மாணவர்கள் செய்த லைன் ஃபாலோயரின் வீடியோவையும் அனுப்பியிருந்தார். வளைவுகளில் அது லேசாக நெளிகிறது. காரணம் இன்னதென்று உடனே எனக்குத் தோன்றியது. அதை எழுதாமல், அந்த மாணவர்களின் பெயர்களைக் கேட்டுப் பதில் போட்டேன்.