ஏற்பாடு செய்த துயரம்

2018 சூலையில் பெரும் கண்டனத்துக்கு உள்ளான ஒரு படவரிசை, நிழற்படக் கலையின் அறம் பற்றிய பழைய கேள்வியை மீண்டும் எழுப்பியது. இத்தாலிய நிழற்படக்காரர் அலெசியோ மாமோ 2011இல் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் எடுத்த அப்படங்களில், வறிய சிற்றூர் மக்கள் ஒரு மேசைக்கு முன்னால் கைகளால் கண்களை மூடியபடி நிற்கிறார்கள். மேசைமேல் இருப்பவை உண்ண முடியாத போலி உணவுப் பண்டங்கள். அவற்றைக் கொண்டுவந்து பரப்பியவரும், விரும்பும் உணவைக் கனவு காணும்படி அம்மக்களிடம் சொன்னவரும் படமெடுத்தவரே. உலகப் பத்திரிகை நிழற்பட அறக்கட்டளையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அவை வெளியாகிக் கண்டனம் பெருகியபின் மாமோ வருத்தம் தெரிவித்தார். இங்கே கவனிக்கத்தக்கது, அவர் எதையும் மறைக்கவில்லை என்பது; உணவு போலியானது என்பதையும் ஏற்பாடு தம்முடையது என்பதையும் படக்குறிப்பிலேயே எழுதியிருந்தார். மறைக்காத ஏற்பாடே மனத்தை இவ்வளவு உறுத்துமானால், அதிலுள்ள குற்றம் பொய் மட்டும் அன்று என்பது விளங்கும். பிறருடைய துயரத்தையோ உழைப்பையோ படமெடுப்பவர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வது அறமன்று. அதை இயல்பாக நிகழ்ந்ததென்று நம்பவும் வைப்பாராயின் குற்றம் இரட்டிக்கிறது.

படத்துக்கு உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தமிழ் மரபு நெடுங்காலத்துக்கு முன்பே விடை கூறியிருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு எனக் கொண்டு, நகை முதல் உவகை வரை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. அழுகைக்கு அது கூறும் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவை. அதாவது இகழப்படுதல், இழத்தல், நிலை தளர்தல், இல்லாமை. நான்கும் ஒருவருடைய வாழ்க்கையில் வேர்கொண்டவை. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஊன்றிவிடக் கூடியவை அல்ல. குறிப்பறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், அருகிலுள்ளதைக் காட்டும் பளிங்கை முகத்துக்கு உவமை கூறியதும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது. காஞ்சிப் பல்லவர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் தண்டியின் வடமொழி நூலைத் தழுவி எழுந்த தண்டியலங்காரமோ, பொருளணிகளுள் முதலாவதாகத் தன்மையணியை, அதாவது பொருளின் இயல்பை உள்ளபடி உரைப்பதை, வைக்கிறது. இயல்பாக நிகழ்வதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறும் தற்குறிப்பேற்றமும் அந்நூலில் ஓர் அணிதான். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையின் கொடிகள் கோவலனை வரவேண்டாமென்று கைகாட்டுவதாகச் சொல்லப்படும்போது, கொடிகளை அசைத்தது காற்று என்பதைக் கேட்போர் எவரும் அறிவர். நிழற்படத்தில் அந்த அறிவு பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை. கேமரா கண்டதைத்தான் காட்டும் என்ற நம்பிக்கையின் மறைவில் படமெடுப்பவரின் குறிப்பு உண்மையாக வேடமிடுகிறது.

தமிழ் மண்ணில் இக்கேள்விக்கு மிகப் பழைய சான்றாக நிற்பவை 1876 முதல் 1878 வரை நீடித்த சென்னை மாகாணப் பெரும்பஞ்சத்தின் படங்கள். மதராஸ் படையின் குதிரைப்படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமாயிருந்த மனிதர்களைக் குழுக்களாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் அப்படங்களை எடுத்தார். பஞ்சத்தின் கொடுமைக்கு அவை சான்றாயின என்பது உண்மையே. ஆயினும் நிற்க வலுவற்றவர்களைச் சட்டகத்துக்கு ஏற்ப அடுக்கிவைத்த அந்த ஒழுங்கே, இன்று பார்ப்பவரின் நெஞ்சில் முதலில் தைக்கிறது. பின்னர் பர்மாவில், 1886இல், மரண தண்டனைக்கு உள்ளானவர்களைத் தம் கேமராவுக்காகக் காத்திருக்க வைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்து அவர்மீது விசாரணையும் நடந்தது. பசித்தவரின் முன் நிற்போர் செய்யவேண்டியது என்ன என்பதற்கு ஒரு காப்பியமே வழிகாட்டுகிறது: மழை பொய்த்து வாடிய கச்சி மாநகருக்குள், அதாவது காஞ்சிக்குள், புகுந்த மணிமேகலை அமுதசுரபியால் அங்குள்ளோரின் பசி தீர்த்தாள். அந்த நகரின் பெயரைச் சொல்லும் எவரும், பசியை அழகான காட்சியாக்கும் செயலை மன்னித்துவிட முடியாது.

ஏற்பாடு செய்தல், செய்யாமை என்ற இரு வழிகளும் ஒரே கலைஞரிடம் கூடியிருந்ததற்கு நிழற்படக்காரர் மார்கரெட் பூர்க்-வைட் சான்று. 1946இல் இராட்டையருகே காந்தியடிகளைப் படமெடுக்க வந்த அவர், முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளும்படி பணிக்கப்பட்டார். பின்னர் அவருக்கு அனுமதிக்கப்பட்டவை மூன்று மின்னல் விளக்குகள் மட்டுமே. கேமராவுக்காக அடிகளின் வேலை வளையவில்லை. கேமராதான் அந்த வேலைக்குப் பணிந்தது. மறு ஆண்டு பிரிவினையின்போது, உயிர் தப்பி நடந்துகொண்டிருந்த அகதிகளை அவர் மீண்டும் மீண்டும் திரும்பிப்போய் நடந்துவரச் செய்தார் என்றும், அஞ்சிய அவர்களால் மறுக்க இயலவில்லை என்றும் உடன்சென்ற செய்தியாளர் லீ ஐட்டிங்கன் பின்னாளில் கூறினார். முன்னதில் மறுக்கும் வலிமை படத்துக்கு ஆளானவரிடம் இருந்தது, பின்னதில் இல்லை. ஏற்பாட்டின் அறத்தை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது.

ஏற்பாடின்றி எடுத்த படம் எவ்வளவு ஆழமாகப் பேசும் என்பதை, ஆழிப்பேரலைக்குப் பின் 2004 திசம்பர் 28 அன்று கடலூரில் ஆர்க்கோ தத்தா எடுத்த படம் காட்டியது. உறவினரின் உடலுக்கருகே மண்ணில் கவிழ்ந்து, உள்ளங்கைகளை விரித்து அழும் ஒரு பெண்; இறந்தவரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில். உலகப் பத்திரிகை நிழற்பட விருதுகளில் அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்வான அதில் படமெடுத்தவர் செய்தது, நின்ற இடத்தையும் அழுத்திய கணத்தையும் தேர்ந்ததுதான். மெய்ப்பாட்டியல் இழவு என்று வகுத்த களம் அங்கே தானே இருந்தது.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளுக்கு இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்கவேண்டும். புடவையின் உடலையும் வேறு நிறக் கரையையும் இழையோடு இழையாகப் பிணைக்கும் கோர்வை நெசவில் மூன்று நாடாக்கள் ஓடுகின்றன; நெசவாளர் ஒருபுறம் இருக்க, மறுபுறக் கரைக்கான நாடாவை எறிய ஓர் உதவியாளர் வேண்டும். கூலியோ புடவைக் கணக்கில். ஆகவே ஒளி முகத்தில் விழும்படி திரும்பச் சொல்லியும், நாடாவை மறுபடி எறியச் சொல்லியும், தார் சுற்றும் மூதாட்டியை அழகுக்காகத் தறியருகே அமரச் சொல்லியும் கழியும் ஒவ்வொரு நாழிகையும் இருவருடைய உழைப்பை நிறுத்துகிறது. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. ஒரு காலத்தில் பல தறிகளில் அந்த எதிர்ப்புற நாடாவை எறிந்தவை சிறுவர்களின் கைகள். புத்தாடை உடுத்தச் செய்து, புன்னகைக்கவும் செய்து எடுக்கும் படத்தில் அத்தகைய உண்மைக்கு இடமே இராது. எது மறைந்தது என்பதைப் பார்ப்பவர் அறியவும் மாட்டார்.

குற்றமற்ற நன்மை விளையுமிடத்தில் பொய்க்கும் வாய்மையின் இடம் உண்டென வள்ளுவர் இசைவதைக் காட்டி, அமைத்த படமும் நெசவாளருக்கும் ஏழைக்கும் நன்மை செய்யலாமே என்று சிலர் வாதிடக்கூடும். நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒருவரின் மானத்தைக் கொடுத்து இன்னொருவர் பெறும் பாராட்டு அத்தகையதன்று. நிழற்பட நிலையத்தில் தாமே விரும்பி அமர்ந்து எடுத்துக்கொள்ளும் குடும்பப் படமும் மணப்படமும் இந்தக் குற்றச்சாட்டுக்கு உட்பட்டவை அல்ல. அங்கே ஏற்பாடு படத்துக்கு உரியவருடையது.

ஆகவே தறிவீடுகளுக்குக் கேமராவோடு செல்வோர், தறி ஓடும் நேரத்தையும் வீட்டாரின் இசைவையும் முதலில் கேட்டறியட்டும். வேலையை நிறுத்த நேர்ந்தால் இருவருக்கும் கூலி கொடுக்கட்டும். அமைத்து எடுத்த படத்தின் கீழ் அவ்வாறே எழுதட்டும். பரிசளிக்கும் நடுவர்கள், படம் எடுக்கப்பட்ட விதத்தை எழுத்தில் பெற்ற பிறகே அதைப் போட்டியில் ஏற்கட்டும். துயரத்தில் இருப்பவரிடம் இன்னொரு முறை என்று கேட்டால்தான் படம் கிடைக்கும் என்றால், அந்தப் படத்தை எடுக்காமலே திரும்பட்டும்.