தூய்மையும் கொல்லாமையும்

மகள் இல்லத்தில் நாம் தங்கியிருக்கும் அறையில் இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஐம்பது லிட்டர் உவர்நீர். அடியில் இரு விரற்கடை உயரத்துக்குப் பவளத் துணுக்கும் சிப்பித் தூளும் கலந்த வெண்மணல். நடுவில் ஒரு கல். கோமாளி மீன்கள் இரண்டு, நத்தைகள் சில. பெயரன் கல்லூரி விடுதிக்குச் சென்றபோது தொட்டியை நம் பொறுப்பில் விட்டுச் சென்றான். இப்பொழுது அதில் மீன் ஒன்றுதான் உள்ளது. மற்றொன்று நம் கையால் இறந்தது. பகலுணவும் வடிகட்டிய நீருமாக எழுபது ஆண்டுகளைக் கடந்த ஒருத்தி ஐந்தறிவுயிர் ஒன்றின் சாவுக்குக் காரணமானாள். அக்குற்றம் எந்த இடத்தில் தொடங்கியது என்பதை வாசக அன்பர்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

பெயரன் செய்முறையைத் தெளிவாகவே சொல்லியிருந்தான். வாரம் ஒருமுறை ஐந்து லிட்டர் பழைய நீரை இறக்கிவிட்டு, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் அளவில் கடலுப்புக் கலவை சேர்த்த புதுநீரை ஊற்ற வேண்டும். நீரை இறக்கும்போதே சைஃபன் குழாயின் வாயை மணலின் ஒரு பகுதியில் மெல்ல ஊன்றி, அங்கே படிந்த கழிவை உறிஞ்ச வேண்டும். அடுத்த வாரம் அடுத்த பகுதி. "ஒரே நாள்ல முழுசையும் கிளறிடாதீங்க பாட்டி" என்று இருமுறை சொன்னான்.

நீரை மாற்றினோம், மணலைத் தொடவில்லை. ஒருநாள் இரவு கைவிளக்கைத் தொட்டியின் பக்கம் பிடித்துப் பார்த்தபோது, மணலுக்குள் ஓர் ஊரே குடியிருப்பதைக் கண்டோம். பக்கமெல்லாம் மயிர்போன்ற முட்கள் கொண்ட புழுக்கள் வளைகளிலிருந்து நீண்டன. கடுகினும் சிறிய ஓட்டுயிர்கள் கண்ணாடியில் துள்ளின. உணவுத் துணுக்கு ஒன்று விழுந்ததும் புதைந்திருந்த நத்தைகள் யானைத் துதிக்கைபோல் ஒரு குழலை உயர்த்திக்கொண்டு மேலெழுந்தன. புழுவும் நத்தையும் ஈரறிவுயிர்கள் என்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். இவ்வளவு உயிர்களையும் குழாயால் உறிஞ்சிச் சாக்கடையில் கொட்டுவதா? ஆகவே கை வைக்கவில்லை. அதனை அகிம்சை என்றே நம்பினோம். கையை நனைக்கச் சோம்பலும் இருந்தது என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மற்றொரு பிழையும் உடன் சேர்ந்தது. அகிம்சை அணுவிரதத்துக்குரிய அதிசாரங்கள் ஐந்து என்பது நம்மவர் யாவரும் அறிந்ததே: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். ஐந்தாவதற்கு அஞ்சி, மீன்கள் கண்ணாடியருகே வந்து வாயசைக்கும்போதெல்லாம் உணவிட்டோம். அவை உண்டது பாதி, மணலில் விழுந்தது பாதி. உணவை மறுக்கலாகாது என்ற அச்சமே உணவு அழுகுவதற்குக் காரணமாயிற்று. ஆறு வாரத்தில் மணல்மேல் பழுப்பு நிறப் படலம் படர்ந்தது. கண்ணாடியோரத்தில் மணலுக்கு அடியில் கரிய திட்டுகள் தோன்றின. ஒரு குச்சியால் கிளறியபோது அழுகிய முட்டையின் நாற்றம் வந்தது. காற்றுப் புகாத இடத்தில் கழிவு மக்கும்போது தோன்றும் ஹைட்ரஜன் சல்பைடு அது, மீனுக்கு நஞ்சு.

அப்போது நமக்குள்ளிருந்த பழைய ஆசிரியை விழித்துக்கொண்டாள். மூலையில் ஒரு தாள்துண்டு கிடந்தால்கூட வகுப்பைத் தொடங்காத கை அது. மணல் முழுவதையும் வாளியில் அள்ளி, அரிசி களைவதுபோல் குழாய்நீரில் ஏழெட்டு முறை களைந்தோம். கல்லையும் தேய்த்துக் கழுவினோம். மணல் முத்துப்போல் வெளுத்தது. களைந்த நீரோடு புழுக்கள் போனதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தோம்.

மூன்றாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சோதனை மருந்திட்டால் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையாக மாறியது. அம்மோனியா மிகுந்துவிட்டது. நான்காம் நாள் காலையில் பெரிய மீன் மணல்மேல் சாய்ந்து கிடந்தது, அந்த வெளுத்த மணலின்மேல்.

நடந்தது இதுதான். மணற்பரல் ஒவ்வொன்றின் மேலும், கல்லின் துளைகளிலும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ்கின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்ற, மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பின்னது அவ்வளவு கொடியதன்று. வாரந்தோறும் நீர் மாற்றும்போது வெளியேறிவிடும். குளோரின் கலந்த குழாய்நீர் அந்நுண்ணுயிர்களை அழித்தது. கடற்புழுவுக்கோ நன்னீரே நஞ்சு. உப்பில்லாத நீர் அதன் உடலுக்குள் புகுந்து ஊதச் செய்து கொன்றுவிடும். நமக்குத் தூய்மையாகத் தோன்றிய நீர்தான் அம்மணலில் வாழ்ந்த அனைத்துக்கும் பேரழிவாயிற்று.

பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் பிரித்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. பிரமாதம் என்பது விழிப்பின்மை. இவ்விலக்கணத்தின்படி பார்த்தால் முதல் ஆறு வாரமும் இம்சைதான், அந்த ஒருநாளும் இம்சைதான். நாளைய அழுகலை எண்ணாமல் மணலைத் தொடாதிருந்தது ஒரு விழிப்பின்மை; சொன்ன சொல்லைக் கேளாமல் அனைத்தையும் களைந்தது மற்றொன்று. முன்னதற்குக் கொல்லாமை என்றும் பின்னதற்குத் தூய்மை என்றும் பெயர் சூட்டிக்கொண்டோம். நல்ல பெயர் சூட்டிவிட்டதால் மேற்கொண்டு எண்ணிப் பார்க்கவில்லை.

ஜினாலயத்தில் இதைக் கூறி வருந்தியபோது பெரியவர் ஒருவர், "பாவம் மீனை வாங்கியவனுக்குத்தானே, நீங்கள் ஏன் கலங்குகிறீர்கள்?" என்றார். அவர் கூற்றில் பாதி உண்மை. ஐந்து அதிசாரங்களில் முதலாவதாகிய கட்டுதல், மீனைத் தொட்டியில் இட்ட அன்றே நிகழ்ந்துவிட்டது. ஆயினும் கட்டியவன் ஒருவன், காப்பவர் வேறொருவர் என்று கணக்கைப் பிரித்துக்கொண்டால், கட்டுண்ட உயிர் எவரிடம் முறையிடும்? மற்றோர் அன்பர், கடலில் விட்டுவிடலாமே என்றார். திருமலையில் ஓங்கி நிற்கும் நேமிநாத பகவானின் வரலாறு அவர் மனத்தில் இருந்திருக்கும். மணவிருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு, அவற்றை விடுவித்துத் துறவு பூண்டவர் அவர். நமக்கும் அவ்வாறு செய்ய ஆசைதான். ஆனால் இம்மீன் பண்ணையில் பொரித்து வளர்ந்தது. பவளப்பாறையில் கடற்சாமந்தியின் அணைப்பில் வாழும் இனம் இது. சென்னைக் கரையின் அலையில் அதற்கு ஒதுங்க இடமில்லை. தொட்டியின் நோயைக் கடலுக்குக் கொண்டு செல்லவும் கூடும். அங்கே விடுவது நம் கண்ணுக்கு மறைவாகச் சாகவிடுவதே.

ஆகவே மணலை எவ்வாறு தூய்மை செய்வது என்ற கேள்விக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அதற்கு விடை நம் பிறந்த வீட்டுக் கிணற்றடியில் இருந்தது. கெட்டித் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் இட்டு அன்னையார் நீர் வடிப்பார். வடித்ததும் வேலை முடிந்துவிடாது. துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீரையே அதன்மேல் வார்த்து, சிக்கிய உயிர்களை எந்தக் கிணற்றிலிருந்து வந்தனவோ அதே கிணற்றில் மெல்ல இறக்கிவிடுவார். துணியை உதறமாட்டார், பிழியமாட்டார். வடிப்பதை மட்டும் நாம் கற்றுக்கொண்டு, திருப்பி விடுவதை மறந்துவிட்டோம்.

இப்பொழுது ஞாயிறுதோறும் மணலில் நான்கில் ஒரு பகுதியை மட்டும் தொடுகிறோம். குழாயை ஊன்றுமுன் அங்குள்ள நத்தைகள் விலக நேரம் கொடுக்கிறோம். முனிவர்கள் அமருமுன் மயிற்பீலியால் இடத்தை வருடுவது நினைவுக்கு வரும். உறிஞ்சிய நீர் வெண்ணிறக் கிண்ணத்தில் விழுகிறது. கால்மணி நேரம் அசையாமல் வைத்தால் கழிவு படியும், உயிருள்ளவை நெளியும். அவற்றை மென்தூரிகையால் எடுத்துத் தொட்டியிலேயே விடுகிறோம். உணவும் நாளைக்கு இருமுறை, மீன் உண்டு தீர்க்கும் அளவே. இவ்வளவு செய்தும் நம் மங்கிய கண்ணுக்குத் தப்பி எத்தனை உயிர்கள் போகின்றனவோ. ஆரம்ப இம்சை என்று அதற்குப் பெயர் உண்டு என்பதால் மனம் ஆறிவிடுவதில்லை.

ஆறாத வேறொன்றும் உண்டு. மீனுணவுப் பொட்டலத்தின் பின்புறத்தைக் கண்ணாடி அணிந்து படித்தோம். பாசியோடு மீன்தூளும் இறால்தூளும் கலந்திருக்கிறது. கோமாளி மீன் பாசியும் உண்ணும், சிற்றுயிரும் உண்ணும். ஓர் உயிரைக் கட்டி வைத்ததால் எத்தனையோ உயிர்களின் தூளை ஒரு சமண இல்லம் விலை கொடுத்து வாங்குகிறது. மணலை எவ்வளவு கருத்தோடு தூய்மை செய்தாலும் இந்தக் கறை போகவில்லை.

தீபாவளிக்கு வந்த பெயரன், துணையின்றி இருக்கும் மீனுக்கு இணை வாங்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றோம். இவ்வினம் தொட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு என்று அவனே சொன்னான். நம் வயதோடு அதனைக் கூட்டிப் பார்த்துவிட்டு, கிண்ணத்தையும் தூரிகையையும் அவன் கையில் கொடுத்தோம். அன்று இடப்புற மூலையின் முறை. புழு இரண்டும் நத்தைக்குஞ்சு ஒன்றும் வந்தன. நத்தைக்குஞ்சு தூரிகையைப் பற்றிக்கொண்டு விடவில்லை. அது தானே மணலில் இறங்கும்வரை அவன் கையை நீரிலேயே வைத்திருந்தான்.