பெயர் சொல்வோர்

பொழுதுபோக்கின் நிமித்தம் இணையத்தில் ஒன்றுகூடும் ஒரு சமூகத்தின் ஆரோக்கியத்தை அதன் உறுப்பினர் தொகையைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. தொகை பெருகிக்கொண்டிருக்கையிலேயே ஜீவன் வற்றிப்போன சபைகள் உண்டு என்பதை அவ்வழக்கம் மறைத்துவிடுகிறது. ஜீவன் எதில் இருக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் மூவர் தம் முதுநிலைப் படிப்பின் அங்கமாகத் தொடங்கிய, உயிரினங்களின் படங்களை இட்டு அவற்றின் பெயரைக் கூடிக் கண்டறியும் தளமான ஐநேச்சுரலிஸ்டில், புதியவர் ஒருவர் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்றின் படத்தை இட்டு, 'வெந்தய வரியன்' என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். முன்பின் அறியாத ஒருவர் வந்து, வெந்தய வரியனின் பின்னிறகு நடுவே மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருக்கும், இதற்கோ மேல்விளிம்பில் ஒன்றே உள்ளது, ஆகையால் இது அதன் வேஷம் தரித்த வேறோர் இனத்தின் பெண் என்று காரணத்தோடு திருத்துகிறார். குறைந்தது இருவர் பெயர் சொல்லி, சொன்னோரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் இசைந்தாலன்றி ஒரு பதிவு ஆராய்ச்சித் தரம் பெறாது என்பது அங்குள்ள நியமம். படம் இடுவோர் பெருந்திரள். பெயர் சொல்வோர் சிலரே. ஆதலால், புதியவரின் முதல் கேள்விக்குப் பதில் எத்தனை விரைவில் வந்தது, அதில் கனிவு இருந்ததா, பதில் பெற்றவர் பின்னாளில் பிறருக்குப் பதில் சொல்ல முன்வந்தாரா என்பவற்றையே பிரதான அளவுகோல்களாகக் கொள்வேன். இத்தகைய சபை எதிலேனும் அங்கம் வகிக்கும் அன்பர்கள், பதிலின்றிக் கிடக்கும் ஒரு புதியவரின் கேள்விக்கு இன்றைக்கே, காரணத்தையும் சேர்த்து, விடை எழுத வேண்டுகிறேன்.