சிக்கனத்தின் அளவுகோல்

சிக்கனம் ஓர் அறமா, அல்லது வெறும் தேவையா? நாம் குருமடத்தில் படித்த நாள்களில் இவ்வினாவை எவரும் எழுப்பியதில்லை. ஈகையைப் பற்றிப் படித்தோம். கஞ்சத்தனமும் ஊதாரித்தனமும் அதன் இருபுறத்துப் பள்ளங்கள் என்று அரிஸ்டாட்டிலையும் புனித தோமா அக்குவினாவையும் துணைக்கொண்டு தேர்வில் எழுதினோம். ஆனால் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளை ஒரு நாளேனும் மகிழ்விக்க எண்ணும் குடும்பத் தலைவன், அந்த மிச்சத்தை எங்கிருந்து பிடிக்கலாம், எங்கிருந்து பிடிக்கலாகாது என்பதற்கு அப்பாடத்தில் விடை இருந்ததாக நினைவில்லை. சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், பிள்ளைகள் 'தீம் பார்க்' என்று அழைக்கும் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் வாயிலில் வரிசையில் நின்றபோதுதான் அவ்வினா நம்மை நேருக்கு நேர் சந்தித்தது.

நமது பங்கின் அன்பியக் குடும்பங்கள் பதினொன்று சேர்ந்து, ஒரு பேருந்தை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, கேரளத்தின் மலையாற்றூர் குருசுமுடிக்குத் திருப்பயணம் சென்றன. மறுநாள் கொச்சிப் பக்கம் ஒரு பூங்கா. பிள்ளைகளைப் பொறுத்தவரை பூங்காதான் பயணம். மலையாற்றூர் அதற்குச் செலுத்தவேண்டிய சுங்கம். இது நமக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் தெரியாதவர்போல் மலையேறினோம்.

அப்பயணத்திற்காக நம் மக்கள் கைக்கொண்ட சிக்கனத்தைச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. ஓராண்டாக அன்பியக் கூட்டந்தோறும் பணம் சேர்த்தனர். விடுமுறை நாள்களிலும் வார இறுதியிலும் சீட்டின் விலை கூடுதல் என்றறிந்து, ஒரு புதன்கிழமையைத் தெரிந்துகொண்டனர். விடுதியில் தங்காமல், அங்குள்ள பங்கு ஒன்றின் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தனர். இரண்டு எரிவாயு அடுப்புகளும் பாத்திரங்களும் பேருந்தின் அடியில் வந்தன. வெளியுணவை உள்ளே கொண்டுசெல்ல இசைவில்லை என்பதால், வாயில் திறக்குமுன் வண்டி நிறுத்துமிடத்திலேயே எல்லாருக்கும் வயிறு நிறைய இட்லி. நீர்விளையாட்டுகளுக்குப் பருத்தி உடை கூடாது, நைலான் உடைதான் வேண்டும். தெரியாமல் வருகிறவர்கள் அங்கேயே விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் தாய்மார்கள் அவற்றை ஊர்ச் சந்தையிலேயே பேரம்பேசி வாங்கி வைத்திருந்தனர். இவற்றில் ஒன்றிலும் நாம் குறை காணவில்லை. உடலுழைப்பையும் முன்யோசனையையும் கொண்டு பணத்தின் இடத்தை நிரப்பினார்கள். அது மாண்புள்ள செயல்.

விளையாட்டுக்கென்று இத்தனை பாடு தேவையா என்று கேட்கும் பெரியவர்கள் பங்கில் உண்டு. அவர்களுக்குப் புனித தோமாவே விடை சொல்லியிருக்கிறார். விளையாட்டில் அளவு மீறுவது எப்படிக் குற்றமோ, விளையாட்டே வேண்டாமென்று முகத்தைச் சுளித்துப் பிறர் மகிழ்வையும் கெடுப்பது அப்படியே குற்றம் என்பது அவர் கருத்து. எப்போதும் வளைத்தே வைத்திருக்கும் வில் முறிந்துவிடும் என்று நற்செய்தியாளர் யோவான் ஒரு வில்லாளனைக் கொண்டு விளக்கியதாகச் சொல்லப்படும் பழங்கதையை அவர் அவ்விடத்தில் எடுத்தாள்கிறார். ஆகவே பூங்காவுக்குப் போகலாமா என்பதன்று நம் வினா.

அப்பூங்காவில் சீட்டின் விலை வயதைக் கொண்டு அன்று, உயரத்தைக் கொண்டு. 140 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் சிறுவர் சீட்டு. மேலே போனால் பெரியவர் சீட்டு. வாயிலருகே சுவரில் ஒரு கோடு. நமக்கு முன்னால் நின்றவர் நம் பங்கின் நல்ல குடும்பத் தலைவர். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவர். நான்கு பிள்ளைகளின் தந்தை. அவருடைய மூத்த மகனுக்குப் பதினொரு வயது. கோட்டருகே செல்லுமுன் மகனின் தோளில் கைவைத்து, "முழங்கால லேசா மடக்கிக்கோடா" என்று மெல்லச் சொன்னார். தொளதொளத்த காற்சட்டை மடங்கிய காலை மறைத்தது. வரிசை நீண்டிருந்ததால் பணியாளர் உற்றுப் பார்க்கவில்லை. சிறுவர் சீட்டு கிடைத்தது. தந்தை திரும்பியபோது நாம் பார்த்துவிட்டதைக் கண்டு அசட்டுச் சிரிப்பொன்று சிரித்தார். நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

நண்பகலுக்குமேல் பெரிய சுழல் ஊஞ்சல் ஒன்றின் முன் அதே சிறுவன் நின்றான். அதில் ஏற 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பணியாளர் அளவுகோலை நிறுத்தியதும், காலையில் கற்ற பாடத்தை மறவாத அப்பிள்ளை தானாகவே முழங்காலை மடக்கினான். உயரம் போதாது என்று அவனை ஒதுங்கச் சொன்னார் பணியாளர். பின்னால் நின்ற தந்தை, "நிமிந்து நில்லுடா!" என்று அதட்டினார். அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "அப்பா, இங்க நிமிந்து நிக்கணுமா, குனிஞ்சு நிக்கணுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. இம்முறை நாமும் சிரிக்கவில்லை.

ஒரே கோடு, காலையில் பணத்துக்காக, பிற்பகலில் உயிருக்காக. தோளையும் இடுப்பையும் பற்றும் இரும்புப் பிடி ஓர் அளவுள்ள உடலுக்கென்று செய்யப்படுகிறது. அதற்குக் குறைந்த உடல் நழுவிவிடக்கூடும். நம் சிறுவன் உண்மையிலேயே 142 சென்டிமீட்டர் இருந்தான்; ஏறினான், இறங்கினான், தீங்கொன்றும் நேரவில்லை. ஆனால் அளவுகோலின்முன் உடலை மாற்றிக் காட்டலாம் என்று கற்ற பிள்ளை, வேறொரு நாள் குதிகாலை உயர்த்தி நிற்கவும் கூடும்.

பேருந்தில் அரைச்சீட்டுக்காகப் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லுவதும், பிள்ளை நடத்துநரிடம் உண்மையைப் போட்டு உடைப்பதும் நம் நாட்டில் நெடுங்கால நகைச்சுவை. டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் திறக்கப்பட்டபோது, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே என்றிருந்த அந்த முதல் நாளிலேயே போலிச் சீட்டுடன் பலர் நுழைந்துவிட்டார்களாம். ஆகவே இது நம்மவர்க்கு மட்டும் உரிய குணம் அன்று. "கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனம், சில நூறு ரூபாயால் அதற்கென்ன நட்டம்?" என்று எவரும் கேட்பர். ஒழுக்கநெறி இறையியலில் இவ்வாதம் பழையது. கூலி போதவில்லை என்று கருதும் வேலையாள் தலைவனின் பொருளை இரகசியமாக எடுத்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற கருத்தைத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679-இல் கண்டித்து ஒதுக்கினார். விலை அநியாயமென்றால் வாங்காமல் வந்துவிடலாம், முறையிடலாம். நாமே நீதிபதியாகவும் நாமே வசூலிப்பவராகவும் இருக்க இயலாது.

ஆயினும் பொருளிழப்பைக் கொண்டு மட்டும் இதை அளந்தால், இது அற்பப் பாவம்தான். நம்மை உறுத்தியது வேறு. திருத்தூதர் பணிகள் நூலில் வரும் அனனியா, சப்பிரா என்னும் தம்பதியரை வாசகர் அறிவர். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டதை அவர்களது குற்றமாகப் பேதுரு சொல்லவில்லை. நிலமும் பணமும் அவர்களுடையவையே என்கிறார். முழுவதையும் கொடுத்துவிட்டதாகக் காட்டிக்கொண்டதே குற்றம். ஏன் காட்டிக்கொண்டார்கள்? எல்லாரும் கொடுக்கிற அச்சபையில், "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமாக இருந்திருக்கலாமோ என்பது நம் ஊகம்.

இந்த ஊகம் புத்தகத்திலிருந்து பிறந்தது அன்று. ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து அத்தந்தையிடம் தனியே பேசினோம். அவர் மறுக்கவில்லை. "பதினோரு குடும்பத்துல எங்க வீட்லதான் நாலு பிள்ளைங்க சாமி. பெரியவனுக்கும் முழு டிக்கெட்டுன்னா கையில இருந்தது பத்தாது. ஒண்ணு நான் வெளிய நிக்கணும், இல்ல ஒருத்தன விட்டுட்டுப் போகணும்" என்றார். கேட்டிருந்தால் எல்லாருமாகக் கொடுத்திருப்போமே என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர் சொன்னார்: "கேக்குறதுக்குத்தான் சாமி ரொம்பக் குனியணும்."

அவர் வீட்டுக் கதவின் பின்புறம் மகனின் உயரத்தைப் பிறந்தநாள்தோறும் பென்சிலால் குறித்திருக்கிறார்கள். வீடு மந்திரிக்கப் போனபோது நமக்கே காட்டினார்கள். அந்தக் கோடுகளில் கடைசிக் கோடு அப்பிள்ளையின் பெருமை. வளர்ந்துவிட்டது குடும்பத்துக்குப் பாரம் என்று அன்று காலை வாயிலில் அவனுக்குத் தெரியவந்தது. தந்தை குனியவேண்டிய இடத்தில் மகன் குனிந்தான். அவர் குனியும்படி வைத்தது யார் என்று கேட்டால், அன்பியம் என்று பெயர் வைத்துக்கொண்டு பதினொரு குடும்பங்களுக்கும் ஒரே தொகையைத் தலைக்கு இவ்வளவென்று விதித்த நம்மிடம்தான் விரல் வந்து நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே நாளில் ஒரு மூதாட்டி உள்ளே வரவில்லை. "எனக்கெதுக்கு சாமி? நான் என்ன ராட்டினம் சுத்தப் போறேனா?" என்று சொல்லிப் பேருந்து நிழலில் ஓட்டுநருடனும் செருப்புகளுடனும் செபமாலையுடனும் மாலைவரை இருந்துவிட்டார். நம் ஊர்த் திருவிழாவில் கோவில் திடலுக்குள் வர எவருக்கும் கட்டணமில்லை. இராட்டினத்தில் ஏறுகிறவர் மட்டும் காசு கொடுப்பார். பாட்டி பேரனைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு சும்மா நிற்கலாம். டிஸ்னிலாந்திலும் தொடக்கத்தில் ஏறத்தாழ அப்படித்தான்: பெரியவர்க்கு நுழைவு 1 டாலர், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டு. 1982-இல் அம்முறை அங்கே முடிவுக்கு வந்தது. ஒரே சீட்டில் எல்லாம் என்பது பையன்களுக்கு இலாபம். பார்த்துக்கொண்டிருக்க மட்டும் விரும்பும் பாட்டிக்கு அது மூடிய கதவு. முதியோர்க்குத் தள்ளுபடி தரும் பூங்காக்கள் உண்டு. இங்கு உண்டா என்று நம்மில் ஒருவரும் வாயிலில் கேட்கவில்லை. எல்லாருக்கும் சிக்கனம் அந்த அம்மாவிடமிருந்து தொடங்குவது இயல்பாகவே தோன்றிற்று. நம்முடைய சீட்டையோ மக்களே பணம்போட்டு வாங்கிக் கையில் கொடுத்திருந்தனர். வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். எந்த ஊஞ்சலிலும் நாம் ஏறவில்லை.

மேலே எழுதியதை அத்தந்தையிடம் வாசித்துக் காட்டினோம். "பேரு மட்டும் வேணாம் சாமி" என்றார்.

இவ்வாண்டுப் பயணத்துக்கான கூட்டம் சென்ற ஞாயிறு நடந்தது. தலைக்கு இவ்வளவென்ற விதியை எடுத்துவிட்டு, மூடிய உறையில் அவரவர் இயன்றதை இடலாம், யார் எவ்வளவு என்று எவரும் பார்க்கவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். சிலர் ஏற்றனர், சிலர், வசதியுள்ளவர்களே குறைத்துப் போட்டால் என்ன செய்வது என்றனர். நேர்மையான கேள்விதான். மூதாட்டியின் பெயர் பட்டியலில் சேர்க்கப்பட்டது, அவர் மறுத்தார், மீண்டும் சேர்க்கப்பட்டது. உறைகளைப் பிரித்து எண்ணியபோது பூங்காவுக்குத் தொகை போதவில்லை. கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போகலாமே, சீட்டே வேண்டாம் என்றார் ஒருவர். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது.