எரிமீனும் சகுனமும்



உபாசகனுக்குரிய ஐந்து குணங்களுள், சகுனத்தை நம்பாமல் செயலை நம்புதலும் ஒன்று என்று அங்குத்தர நிகாயம் உரைக்கின்றது. சகுனத்தை விட்டோம் என வாயினால் சொல்லுதல் எளிது. நெஞ்சினின்றும் அதனைக் களைதல் அரிது. இதனை ஓர் இரவில் யான் கண்கூடாகக் கண்டேன்.

யான் வானநூல் கற்றவன் அல்லன்; விண்மீன்களை விரும்பி நோக்குபவன், அவ்வளவே. டிசம்பர் 13-ஆம் நாள் இரவு, மிதுன ராசியின் திசையினின்றும் பொழியும் எரிமீன்களைக் காண, கோலார் தங்கவயலில் எங்கள் தெருக்கோடி வெட்டவெளியில் இளைஞர் சிலருடன் பாய் விரித்து அமர்ந்தேன். விளக்கை அணைத்தோம். கண் இருளுக்குப் பழகவே அரைமணி நேரம் ஆயிற்று. பின்னர் ஒன்று, இரண்டு என மீன்கள் கோடிழுத்து மறையலாயின.

அப்பொழுது அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் வந்து, தலை குனிந்தவாறே நின்றார். “மீன் விழக் கண்டால் பச்சை மரத்தைப் பார்க்கவேண்டும் என்பார்களே, தம்பி! அன்றிரவு நான் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் என் மகன் போய்விட்டான். பார்த்திருந்தால் பிழைத்திருப்பானோ?” என்றார். மூன்றாண்டுகளாக அந்தத் தாய் இரவில் வானத்தை நோக்கியதே இல்லை.

யான் சொன்னேன்: “அம்மா, விழுவது விண்மீன் அன்று, பெரும்பாலும் மணலளவான துகளே. பேத்தான் என்னும் சிறுகோள் முன்னாளில் தன் வழியெங்கும் தூசியைச் சிந்தியது. 1983-ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தார்கள். ஆண்டுதோறும் இந்நாட்களில் நம் பூமி அத்தூசியினூடே செல்கின்றது. நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் புகும் துகள் எரிந்து ஒளிர்கின்றது. மற்ற இரவுகளிலும் வேறு துகள்கள் சில விழுந்தவண்ணமே இருக்கின்றன. காரணம் உண்டு, காரியம் உண்டு. அதில் உம் மகனுடைய பெயர் இல்லை. உம் குற்றமும் இல்லை.”

அவர் மெல்லத் தலை நிமிர்ந்தார். பாயில் அமர்ந்து எங்களுடன் எண்ணத் தொடங்கினார். விடியுமுன் 61 கண்டோம். மீனுக்கு ஓர் உயிர் என்றால் எங்கள் தெருவில் 61 வீடுகளில் அழுகுரல் எழுந்திருக்கவேண்டும். எழுந்ததோ குழாயடியில் குடங்களின் ஓசையே. “என் பிள்ளை இல்லாத துக்கம் இருக்கிறது, தம்பி. ஆனால் நான் கொன்றேன் என்ற பாரம் இறங்கியது” என்றார்.

அன்பர்களே! இவர் நம்முடன் பஞ்சசீலம் ஏற்றவர். மூடநம்பிக்கையைப் பழித்து நாம் கைதட்டிய கூட்டங்களிலெல்லாம் இவரும் இருந்தார். நாணத்தால் வாய் திறக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. அறியாமையை இகழ்ந்தோம், அதனால் வருந்தும் நெஞ்சை மறந்தோம். கருணையில்லாத அறிவு மேடைக்கு அழகாகலாம், துயரைத் துடைக்காது.

வரும் டிசம்பரிலும் அவ்வெரிமீன்கள் பொழியும். வானத்தை அஞ்சும் ஒருவரையேனும் உடனழைத்துச் சென்று, அவர் அருகில் அமருங்கள். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு காரணத்தைக் கூறுங்கள்.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி நலமுறுக!