தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகு

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய, குடியிலிருந்து மீள்வோரின் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படிகளில் முதலாவது, குடியிடம் தோற்றுவிட்டதை ஒப்புக்கொள்வது. அடுத்த படிகளில் தன்னைக் கடவுளிடம் ஒப்படைப்பதும் வருகிறது. பாரத்தைக் கடவுள்மேல் போட்டால் மனிதன் பொறுப்பைக் கைகழுவிவிட மாட்டானா? நியாயமான கேள்விதான். ஆனால் அதே பன்னிரண்டு படிகளில், தன்னால் நொந்தவர்களின் பட்டியலை எழுதுவதும், இன்னொரு புண் உண்டாக்காமல் அவர்களுக்கு ஈடு செய்வதும் அடக்கம். அடகுக்கடைக்குப் போன மனைவியின் நகைக்கும், கட்டாமல் விட்ட பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர் இந்தப் பட்டியலில் கைவைக்கவே மாட்டார். தொடர்ந்து குடிக்காமலிருக்க, முறைப்படி நடத்தப்படும் இவ்வழி மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுவதாக 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கண்டது. நம்பிக்கை இங்கே மருத்துவருக்கு மாற்று அல்ல. குடியை நிறுத்தியவரைச் சுற்றி, அவர் நிலையை அனுபவித்தவர்களை அது உட்காரவைக்கிறது.