காது கேளாதவரை அழைக்கிறோமா?



ஒளுவில் ஒரு நகக்கண் அளவு இடம் நனையாமல் போனால் தொழுகை கூடுமா, கூடாதா என்று ஆலிம்களைத் தேடிச் சென்று மஸ்அலா கேட்கிறோம். நோன்பில் மருந்து போடலாமா, ஊசி குத்திக்கொள்ளலாமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். கேட்க வேண்டியதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பள்ளிவாசலின் படியை விட்டிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பிய மறு நிமிடம் முதல் நாம் செய்யும் காரியங்களைப் பற்றி எவரிடமும் எந்த மஸ்அலாவும் கேட்பதில்லை. தெரு என்பது தீனுக்கு வெளியே இருக்கிறது என்று எண்ணிவிட்டோம் போலும்!

அவ்வாறு கேட்கப்படாத ஒரு மஸ்அலாவைப் பற்றியே இம்மாதம் சிந்திக்க விரும்புகிறோம். வண்டியோடு கம்பெனியில் பொருத்தி வரும் ஹாரனைக் கழற்றி எறிந்துவிட்டு, அதைவிடப் பலமாக அலறும் ஹாரனை மாட்டிக்கொள்கிறோமே, அது ஒரு முஸ்லிமுக்குத் தகுமா?

‘இதுவும் ஒரு மார்க்க விஷயமா?’ என்று சிலர் புன்னகை புரியலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நம்முடைய ஸ்கூட்டரின் ஹாரன் சத்தம் மெலிந்து போயிருந்தது. பஸ்ஸும் லாரியும் ஓடும் பெரிய ரோட்டில் யாரும் வழிவிடுவதில்லை என்ற குறை நமக்கு. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், “இதை ரிப்பேர் பண்றதுக்குப் பதிலா கார் ஹாரன் ஒரு ஜோடி மாட்டிடுங்க பாய், ரோடே திரும்பிப் பார்க்கும்” என்றார்கள். ரோடு நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம் நஃப்ஸுக்குள்ளும் ஒளிந்திருந்தது. மாட்டிக்கொண்டோம்.

நாலாம் நாள். ஸுப்ஹு தொழுதுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டு முற்றிலும் விலகவில்லை. குறுகலான சந்தில், கீரைக்கட்டுகளை ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு முதியவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று பொத்தானை அழுத்தினோம். அவ்வளவுதான்! அவர் துடித்துத் திரும்பினார், சைக்கிள் சாய்ந்தது, கீரையெல்லாம் சாக்கடையில் விழுந்தது, முழங்கை சுவரில் உரசி ரத்தம் கசிந்தது. அதே நேரத்தில் பக்கத்து மாடியில் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது.

ஓடிப்போய்த் தூக்கிவிட்டோம். அந்த முதியவர் ஏசவில்லை, கத்தவில்லை. வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே, “பாய், எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது? ஒரு குரல் குடுத்திருந்தா ஒதுங்கியிருப்பேனே” என்றார்.

கீரைக்குரிய பணத்தைக் கொடுத்தோம். கையைப் பற்றி மன்னிப்புக் கேட்டோம். “போகட்டும் விடுங்க” என்று பெரிய மனதோடு மன்னித்தார். ஆனால் அவர் சொன்ன சொல் நம்மை வீடுவரை துரத்தி வந்தது. ஏனெனில் அந்தச் சொல்லை நாம் வேறோர் இடத்தில் கேட்டிருந்தோம்.

நாயகம் (ஸல்) அவர்களுடன் ஸஹாபாக்கள் ஒரு பயணம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பள்ளத்தாக்கை அடைந்தபோது அனைவரும் குரலை உயர்த்தித் தக்பீர் முழங்கினார்கள். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள், உங்களை இவ்வளவு வருத்திக்கொள்ள வேண்டாம். நீங்கள் அழைப்பவன் செவிடனுமல்ல, தொலைவில் மறைந்திருப்பவனுமல்ல. அருகிலிருந்து அனைத்தையும் செவியுறுகிறவன் என்ற கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரீ ஷரீஃபில் இடம்பெற்றுள்ளது.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். அவர்கள் முழங்கியது தக்பீர்! அல்லாஹ்வின் பெருமையைச் சொல்லும் வார்த்தை! அதற்கே ஓர் அளவு உண்டென்றால், ‘விலகு, நான் வருகிறேன்’ என்பதைத் தவிர வேறு பொருளே இல்லாத நம் ஹாரனுக்கு அளவு வேண்டாமா?

திருமறையின் 31-ஆவது அத்தியாயத்தில் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன உபதேசத்தை அல்லாஹு தஆலா எடுத்துக் கூறுகிறான். தொழுகையை நிலைநாட்டும்படியும், துன்பத்தில் பொறுமை காக்கும்படியும் சொல்லிவந்த அந்தத் தந்தை, கடைசியாகச் சொன்னவை எவை தெரியுமா? பூமியில் கர்வத்தோடு நடக்காதே, நடையில் நடுநிலையைக் கைக்கொள், குரலைத் தாழ்த்திக்கொள், குரல்களிலெல்லாம் வெறுக்கத்தக்கது கழுதையின் குரல் என்பவையே. நடையையும் குரலையும் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். தெருவில் நாம் போகிற விதமும், போகும்போது எழுப்புகிற சத்தமும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள். அந்த நோயின் பெயர் பெருமை.

மதீனாவில் தொழுகைக்கு மக்களை எவ்வாறு அழைப்பது என்று ஆலோசனை நடந்தபோது, மணி அடிக்கலாம் என்றார்கள் சிலர். கொம்பு ஊதலாம் என்றார்கள் வேறு சிலர். முடிவில் அல்லாஹ் நமக்கு அளித்தது கொம்புமல்ல, மணியுமல்ல, மனிதனின் குரல்! அதையும் இனிமையும் எட்டும் தன்மையும் வாய்ந்த பிலால் (ரலி) அவர்களின் குரலைக் கொண்டே ஒலிக்கச் செய்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஆகவே குரலை உயர்த்துவதே குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. அவசியத்துக்கு, அவசியமான அளவில், கேட்பவருக்கு நன்மை பயக்கும்படி உயர்த்த வேண்டும் என்றே சொல்கிறோம்.

நெரிசலில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் அழகிய முன்மாதிரி உண்டு. அரஃபாவிலிருந்து மக்கள் வெள்ளம் முஸ்தலிஃபாவை நோக்கித் திரும்புகிறது. பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசையும் பெரும் கூச்சலும் எழுகின்றன. நாயகம் (ஸல்) அவர்கள் தம் சாட்டையால் சைகை காட்டி, நிதானத்தைக் கடைப்பிடியுங்கள், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்று பணித்தார்கள். நம் காலத்தில் சிக்னலில் பச்சை விளக்கு விழுந்த அந்தக் கணத்திலேயே பின்னாலிருந்து ஹாரனை அழுத்துகிறவர்கள் இந்தக் காட்சியை மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும்.

‘உயிர் காக்கத்தானே பெரிய ஹாரன் மாட்டுகிறோம்?’ என்று கேட்கலாம். அதையும் ஆராய்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. ஹாரனை எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் ஓர் அங்குலம்கூடக் குறையாது. காக்கிறது பிரேக், அதற்கும் முன்னால் காக்கிறது நிதானம். திடீரென்று பேரொலி கேட்ட மனிதன் வழிவிட வேண்டுமென்பதில்லை; திகைத்து நின்றுவிடலாம், அல்லது தவறான பக்கம் பாயலாம். நம் கீரைக்காரப் பெரியவர் அப்படித்தானே விழுந்தார்?

சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கும் நாம் கடையில் போடும் கூட்டல் கணக்கைப் போன்றதல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. தொழிலாளர்களின் காதைக் காக்க நிபுணர்கள் வகுத்துள்ள ஓர் அளவின்படி, 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரையே தாங்கலாம். 88 ஆனால் 4 மணி நேரம். 100 ஆனால் 15 நிமிடம் மட்டுமே. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. செவியைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு என்று திருமறை எச்சரிக்கிறது. பிறர் செவியைக் கெடுத்தவனுக்கு அந்த விசாரணை லேசாக இருக்குமா?

நாட்டின் சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனையும், மிதமிஞ்சிக் கடுமையாகவோ அச்சமூட்டும்படியோ ஒலிக்கும் சாதனத்தையும் தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தேவையின்றியோ தொடர்ச்சியாகவோ ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாயும், அதன் பின் ஒவ்வொரு தடவையும் 2,000 ரூபாயும் அபராதம். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, அவசர நிலை இருந்தாலன்றி, ஹாரன் அடிக்கக் கூடாதென்றும் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. நாம் ஸுப்ஹு தொழுதுவிட்டு வரும் நேரம் பெரும்பாலும் அந்தத் தடைக்குள் அடங்கிவிடுகிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் சகோதரர்களே, நம்மை உலுக்கியது போலீஸாரின் அபராதமல்ல. ஹக்குல் இபாத் என்னும் அடியார்களின் உரிமைதான்.

அல்லாஹ்வுக்குச் செய்த குறைகளை அவன் நாடினால் மன்னிப்பான். அடியாருக்குச் செய்த தீங்கை அந்த அடியார் பொறுத்துக்கொள்ள வேண்டும். தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகியவற்றோடு மறுமைக்கு வரும் ஒருவன், ஒருவரை ஏசியும் ஒருவரை அடித்தும் ஒருவர் பொருளைத் தின்றும் இருந்ததால், தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையனாய் நிற்பான். அவனே உண்மையான ஓட்டாண்டி என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

கீரைக்காரர் நம் கண் முன் விழுந்தார், மன்னிப்புக் கேட்டோம். ஆனால் மாடியில் அழுத அந்தக் குழந்தை? இரவெல்லாம் விழித்திருந்து அப்போதுதான் கண்ணயர்ந்த அதன் தாய்? அந்த நான்கு நாட்களும் நாம் கடந்து வந்த தெருக்களில் நெஞ்சு வலியோடு படுத்திருந்தவர்கள், மருந்து குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்? ஏசியவனுக்கு யாரை ஏசினோம் என்று தெரியும். கடன்பட்டவனுக்கு யாரிடம் பட்டோம் என்று தெரியும். ஹாரன் அடித்துக்கொண்டு போகிறவனுக்கோ, தான் யாருக்குக் கடனாளி என்பதே தெரியாது. முகமறியாத அத்தனை பேரும் நாளை மஹ்ஷர் மைதானத்தில் வந்து கையைப் பிடித்தால் என்ன செய்வோம்? யாரிடம் போய் இன்று ஹலாலாக்கிக்கொள்வோம்?

அன்று காலையே அந்த ஹாரனைக் கழற்றிவிட்டோம். பழைய ஹாரனை வேறொரு மெக்கானிக்கிடம் காட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. இணைப்பு முனையில் துரு ஏறியிருந்தது. எர்த் ஒயர் தளர்ந்திருந்தது. துருவைச் சுரண்டி, ஒயரை முடுக்கி, பின்புறத்துச் சிறிய ஸ்குரூவை லேசாகத் திருப்பினார். கம்பெனி ஹாரன் பழையபடி ஒலித்தது. பெரிய ஹாரன் அதிக மின்சாரம் இழுப்பதால், ரிலேயும் தனி பியூஸும் இன்றி மாட்டினால் சுவிட்ச் கருகும், ஒயர் சூடேறும் என்றும் சொன்னார். ஆகவே சத்தம் குறைந்தால் பழுது பாருங்கள், பாட்டரியைச் சோதியுங்கள், அப்படியும் ஆகாவிட்டால் அதே வகை ஹாரனை வாங்கி மாட்டுங்கள். இதில் எந்தத் தடையுமில்லை. வளைவிலும், எதிரே வருபவர் காணாத இடத்திலும் ஓர் எச்சரிக்கை ஒலி அவசியமே.

வாலிபச் செல்வங்களே! மாப்பிள்ளை ஊர்வலத்தில் வரிசையாய் ஹாரன் அடித்துச் செல்லும்போது, அத்தெருவில் மையித்து வீடு ஒன்று இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். பெற்றோர்களே! மகனுக்கு வண்டி வாங்கித் தரும்போது லுக்மான் (அலை) அவர்களின் உபதேசத்தையும் சேர்த்துக் கொடுங்கள். உதிரிபாகக் கடையும் ஒர்க்‌ஷாப்பும் நடத்தும் சகோதரர்களே! பாவத்துக்குத் துணைபோக வேண்டாமென்ற இறைக்கட்டளை உங்கள் கல்லாப்பெட்டிக்கும் உரியது. கேட்டு வருபவரிடம் நயமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றிருக்கிறோம். காலில் குத்துவது மட்டும்தான் முள்ளா? காதில் குத்துவதும் முள்தான். வழியில் கிடக்கும் முள்ளை எடுக்காவிட்டாலும், நம் வண்டியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தூவாமலாவது இருப்போமாக!

யா அல்லாஹ்! நாங்கள் அறிந்தும் அறியாமலும் பிறருக்குச் செய்த தொல்லைகளை அவர்கள் பொறுத்துக்கொள்ளும்படி செய்வாயாக! எங்கள் கையாலும் நாவாலும் வாகனத்தாலும் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!